பார்த்துவிட்டுப் போக வந்தவர்

அந்த அம்மாளின் இடது மேற்கையில் அம்மைப்பால் குத்திய தழும்புகள் ஏழு இருந்தன. வலது கையில் ஐந்து. என்னைப் போன்ற சாதாரணப் பிரஜைக்கு ஆயுளுக்கு ஒன்றோ இரண்டோ போதும். அவருக்குப் பன்னிரண்டு தேவைப்பட்டதற்குக் காரணம், அவர் தம் ஒரே மகளைக் கண்டியில் கட்டிக் கொடுத்திருந்ததுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ராமநாதபுரத்துச் சீமையில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு, மகளைப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் கப்பலேறி வந்தார். வரும்போதெல்லாம் அக்கரையில் இருந்த முகாமில் மறித்துவைத்துக் கையைக் கீறி அனுப்பினார்கள். போன தடவை கீறியதைக் காட்டினால், அதற்கான காகிதம் எங்கே என்றார்களாம். காகிதம், நோய்க்கிருமி சாகட்டும் என்று துணிமூட்டையை நீராவிப் பெட்டியில் வைத்தபோது துணியோடு சேர்ந்து வெந்து கூழாகியிருக்கும். கை வேகவில்லை. ஆனால் கையை வாசிக்க யாருக்கும் உத்தரவு இல்லை.

அவர் வாசிப்பார். "இது அவ கல்யாணமாகி வந்த வருசம். இது மொதப் புள்ள தங்காமப் போனப்ப. இது ரெண்டாவதும் தங்காமப் போனப்ப. இது சும்மா, பாக்கணும்னு தோணுச்சு, வந்தேன்." 'சும்மா' என்ற தழும்புகள்தான் அதிகம். பன்னிரண்டாவதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடங்களாகச் சிரிக்கும்படி எழுதிக் காலம் தள்ளுகிறவன், அதை எழுதாமல் தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்த நாட்களில் நான் கண்டியில் ஒரு சுகாதாரக் கந்தோரில் கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்த கிளாக்கர். வயது இருபத்து நான்கு. தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துவிட்டு, அவற்றின் கனத்தை என் கனம் என்று நம்பியிருந்த பருவம். இந்தியாவிலிருந்து உறவினரைப் பார்க்க வருகிறவர்கள், முகாமிலிருந்து ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். தங்குகிற ஊர்க் கந்தோரில் பத்து நாளைக்குத் தினம் காலையில் வந்து தலையைக் காட்ட வேண்டும். அவர்களுக்கு நோய் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எனக்கு வைத்தியம் தெரியாது. நாக்கை நீட்டச் சொல்வேன். சிவப்பாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். எல்லோரும் வெற்றிலை போடுகிற ஊரில் எல்லா நாக்கும் சிவப்பாகவே இருந்தது.

அந்த அம்மாளுக்கு நாக்கை நீட்டச் சொல்ல வேண்டியதே இல்லை. வாசற்படியிலேயே நீட்டிக்கொண்டு வருவார். எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக உலகத்தைப் பார்ப்பவர். அவர் என்னிடம் திரும்பி, "உம்மட விருந்தாளி வந்திட்டா. நாக்கைப் பாத்து அனுப்பும்" என்பார்.

'உம்மட விருந்தாளி' என்றதில் குத்தல் உண்டு. அவர் உண்மையில் எங்கள் விருந்தாளிதான். மகள் வீட்டில் அவர் தங்குவதில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: மகளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பெற்றவள் சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. கலியாணமாகி ஆறு வருடமாகியும் மகளுக்குக் குழந்தை தங்கவில்லை. ஆகவே என் தாயாரின் ஊர்க்காரி என்ற முறையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மூட்டையை வைத்துவிட்டு, காலையில் கந்தோருக்கு வந்து நாக்கைக் காட்டிவிட்டு, அம்பிட்டியப் பக்கம் ஏறுகிற பாதையில் இருந்த மகள் வீட்டுக்கு நடப்பார். பொழுது சாயத் திரும்பி வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவார். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் பிறத்தியார் வீட்டில் சாப்பிட அவருக்கும் கூச்சம். போய்விடுவார். சில சமயம் மூன்று மாதத்தில், சில சமயம் ஏழெட்டு மாதத்தில் மறுபடி நாக்கு வாசலில் தெரியும்.

மகள் வீட்டில் அப்படி என்ன செய்கிறார் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கதிரையில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அரிசி களைந்தால் அதைப் பார்த்தார். துணி உலர்த்தினால் அதைப் பார்த்தார். பேச்சு அதிகம் இல்லை. நாடகக் கொட்டகையில் தரை டிக்கட்டு வாங்கியவன்கூட இவ்வளவு கவனமாகப் பார்க்கமாட்டான். மகள் என்னைப் பார்த்துச் சிரித்து, ஊரிலிருந்து வந்த அதிரசத்தில் இரண்டை எடுத்து வைத்தாள். கடித்தேன். முகாமின் பினாயில் வாசம் குப்பென்று ஏறியது. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "அந்த வாசம் வந்தாத்தாங்க எனக்கு எங்கம்மா வந்த மாதிரி இருக்கும்" என்றாள் மகள். அவள் மூன்று தின்றாள்.

அந்த அம்மாளின் முக்கியமான கோளாறு இதுதான்: கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்வார். முகாம் ஜன்னலில் முழுப் பதிலுக்கு இடம் கிடையாது. எதற்கு வருகிறாய் என்று கேட்டால் எல்லோரும் 'உறவினரைப் பார்க்க' என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். இவர், "பாத்துட்டுப் போக" என்பார். யாரை? மகளை. தை மாதம்தானே பார்த்தாய்? "தை மாசம் பாத்த மொகம் சித்திரையிலயும் அப்பிடியேவா இருக்கும்?" எத்தனை நாள் தங்குவாய்? "அவ மொகத்தப் பாத்தாத்தான் சொல்ல முடியும்." பின்னால் நிற்கிற வரிசை முழுவதும் சிரிக்குமாம். ஜன்னலுக்குள் இருக்கிறவர் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் முன்னால் ஒரு ஃபாரம் இருந்தது. அதில் நாளுக்கு ஒரு கட்டம் உண்டு, முகத்துக்குக் கட்டம் இல்லை. ஒரு தடவை, இவர் வியாபாரம் செய்கிறவராக இருக்கலாம் என்று மூட்டையைக் கொட்டினார்கள். இன்னொரு தடவை, பெண்களைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆசை காட்டி அழைத்துப் போகிறவரோ என்று கேட்டு நான்கு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் வந்து சாவதானமாகச் சொல்வார். கோபமே இருக்காது. நான்தான் கொதிப்பேன். கொதித்துவிட்டு அடுத்த நாள் கந்தோரில் போய் உட்கார்ந்து, நாக்கைப் பார்ப்பேன்.

"ஒரு பொய் சொன்னா என்னம்மா? உடம்பு சரியில்லன்னு தந்தி வந்துச்சுன்னு சொல்லக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா பலிச்சுரும் தம்பி" என்றார்.

மூன்றாவது கர்ப்பம் ஏழு மாதம் வரை தங்கிவிட்டது. முறைப்படி மகள் தாய்வீடு போயிருக்க வேண்டும். ரயிலும் கப்பலும் ஆகவே ஆகாது, படியிறங்குவதுகூட யோசித்துத்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் வேறு பெண் துணை இல்லை. மாப்பிள்ளை கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடையும் வீடும் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். தாய் வந்தாக வேண்டும் என்று ஊருக்கு எழுதினார். தாய் புறப்பட்டார். இந்தத் தடவை ஜன்னலில் அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் எடுத்து அடுக்கினார்கள். பார்வையாளர் என்றால் எப்போதாவது வருகிறவர். இவ்வளவு தடவை வருகிறவர் பார்வையாளர் ஆகமாட்டார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் மனு எழுதினேன். என் வாழ்நாளின் சிறந்த ஆங்கிலம் அதில்தான் இருக்கிறது. தாய்மையைப் பற்றி ஒரு பத்தி, மன்னர்பிரானின் கருணையைப் பற்றி ஒரு பத்தி. மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தன என்பதில் எனக்கு அன்று ஓர் அற்ப ஆறுதல்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. அதே முகாம் வழியாகத் தோட்டத்துக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கீறல் உண்டு, மறித்துவைப்பதும் உண்டு; ஆனால் ஏன் வருகிறாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆள் கூட்டி வருகிற கங்காணியின் பட்டியலில் பெயர் இருந்தால் கழுத்தில் தோட்டத்து இலக்கம் அடித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். மகளைப் பார்க்க வருகிறவளை நம்பாத ஜன்னல், கொழுந்து பறிக்க வருகிறவளை உடனே நம்பியது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் எங்கள் கந்தோருக்கு அடிக்கடி வருவார். அவர் ஆள் கூட்டிவர ஊருக்குப் போகிற நேரம். 'ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்டி ஸ்டேஷனில் இறக்கிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றேன். அவர் எனக்கு நன்றிக்கடன் பட்டவர். தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார். அந்த அம்மாளுக்கும் விவரமாக எழுதினேன். 'வேலைக்குப் போகிறேன் என்று ஒரே ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள்.' என் புத்திசாலித்தனத்தை மெச்சி அன்று இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

கண்டி ஸ்டேஷனில் வாடகை வண்டியோடு காத்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து இருபது முப்பது பேர் இறங்கினார்கள், நடுவில் அந்த அம்மாள். கழுத்தில் தகர வில்லை, இடுப்பில் அதிரசப் பானை. ஸ்டேஷனுக்கு வெளியே தோட்டத்து லொறி நின்றது. பக்கத்தில் கணக்கப்பிள்ளை கையில் பட்டியலோடு தலைகளை எண்ணத் தயாராக இருந்தார். நான் நைசாக அந்த அம்மாளின் மூட்டையை வாங்கப் போனேன். அவர் தரவில்லை.

"தம்பி, நான் இப்ப ஒங்ககூட வந்துட்டா இந்த மனுசனுக்கு என்ன ஆகும்?"

கங்காணி தம் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலை குறைந்தால் அவருடைய ஆள் கூட்டும் அனுமதி போய்விடும். அது எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதவில்லை.

"அத அவர் பாத்துக்குவாரும்மா" என்றேன்.

"போங்கம்மா, நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்" என்றார் கங்காணி. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்ப்பதுபோலவே, அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நாலு புள்ளைகளாம் இவருக்கு. கப்பல்ல வரும்போது சொன்னாரு. அவளுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குல்ல? வேலைக்கு வாரேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டேன். நாலு நாள் வேலைக் கணக்குல எம்பேர் விழட்டும். ஞாயித்துக்கிழம வந்துர்றேன்."

அதிரசப் பானையை என்னிடம் கொடுத்தார். "வந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். மகள் வீடு அங்கிருந்து இரண்டு மைல்கூட இல்லை. லொறி ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. கங்காணியிடமிருந்து செய்தி வந்தது: கடல் கடந்து புதிதாக வந்தவர்கள் மூன்று வாரத்துக்குத் தோட்டத்தை விட்டு இறங்கக்கூடாதாம், நோய் பரவாமலிருக்க. யார் போட்ட உத்தரவு என்று கந்தோர் அலுமாரியைக் கிண்டினேன். சுற்றறிக்கை கிடைத்தது. என் கையெழுத்து. தோட்டங்களுக்கு அனுப்ப ஒவ்வொரு பிரதியாக உட்கார்ந்து எழுதியவனே நான்தான். "எழுத்தெண்டால் இதுதான் எழுத்து" என்று பெரிய கிளாக்கர் பத்துப் பேர் முன்னால் பாராட்டியதுகூட நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் எழுத்தையும் அழகாகச் சுழித்திருந்தேன். எழுதும்போது ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை. நகல் எடுக்கிறவன் வாசிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

இரண்டாவது வாரம் மகளுக்கு வலி கண்டுவிட்டது, நாள் ஆகுமுன்பே. தோட்டத்துக்குத் திரும்பிய லொறியில் செய்தி சொல்லி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. சாயங்காலத்துக்குள் அதைப் பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் மழை. உறவினர் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளை என்னைத் தனியாக அழைத்துப் போய், "அத்தை வருவாங்களா? மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கலாமா? நீங்க கந்தோர்ல இருக்கறவங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை சுற்றறிக்கையை முழுக்க வாசித்திருந்தேன்.

"வர முடியாது. விடமாட்டாங்க" என்றேன்.

எட்டு மணிக்கு எடுத்தார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். லொறியில் போன செய்தி முந்தின நாள் பொழுது சாய்ந்துதான் கிடைத்ததாம்; கிடைத்ததும் யாரிடமும் கேட்காமல் இறங்கிவிட்டாராம். மழையில் இருபது மைலுக்கு மேல். பாதமெல்லாம் அட்டை கடித்த இரத்தம். நாங்கள் போய் ஒரு மணி நேரத்துக்குள் வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். யார் சொன்னார்களோ, என் வார்த்தையின்பேரில்தான் எடுத்தார்கள் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.  ஏன் என்று கேட்டிருந்தால் நான் சுற்றறிக்கையின் இலக்கத்தைச் சொல்லியிருப்பேன். 

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து மடியில் கிடத்தினாள். ஒரு செம்பில் தண்ணீரும் கொடுத்தாள். அந்த அம்மாள் செம்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு குடித்தார். பேத்தி பிறந்துவிட்டாளே, இனித் தடை இல்லை. ஆறு வருடம் கழித்து அந்த வீட்டில் அவர் கை நனைத்தது அப்படித்தான்.

ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. போனால் மறுபடி அந்த ஜன்னலைத் தாண்ட முடியாது. அனுமதி பறிபோகாமல் தப்பிய கங்காணி பரிந்து பேசியதால், சொல்லாமல் இறங்கிப் போனதைத் தோட்டத்தில் பெரிதாக்கவில்லை. ஐம்பதை நெருங்கிய வயதில் கூடை கட்டிக் கொழுந்து பறிக்கப் பழகினார். மாதத்தில் ஒரு ஞாயிறு, சில சமயம் இரண்டு, மலையிலிருந்து இறங்கி வருவார். எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பேத்தியின் எதிரில் அதே கதிரையில் உட்கார்ந்து பார்ப்பார். பொழுது சாயுமுன் எழுந்து போய்விடுவார். நாட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டால் ஒருவரும் சீட்டுக் கேட்பதில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். என் யோசனை அப்படியொன்றும் மோசமில்லை என்று ஒரு நாள் நினைக்கவும் துணிந்தேன்.

மூன்று வருடத்தில் மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டார். குற்றம் சொல்ல முடியாது. சின்னக் குழந்தை, கடை. புது மனைவி நல்ல பெண். குழந்தையைத் தன் குழந்தையாகவே வைத்திருந்தாள். ஒரு நாள் மாப்பிள்ளை என் கந்தோர் ஜன்னலில் வந்து நின்றார்.

"அத்தை அடிக்கடி வர்றாங்க. வந்து பேசாம உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. இவளுக்குச் சங்கடமா இருக்கு. புள்ளையும் அவங்க போனா ரெண்டு நாள் அழுகுது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேரே மறுத்துப் பழகாத உத்தியோகம் என்னுடையது. சரி என்றேன்.

அடுத்து வந்த ஞாயிறு, அம்பிட்டிய ஏற்றம் தொடங்குகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வந்தார். மெலிந்திருந்தார், விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. கையில் வாழையிலைப் பொட்டலம். பினாயில் வாசம் இல்லாத அதிரசம். நான் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக, எங்கள் கந்தோர்க் கடிதங்களின் நடையில் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார்.

"சீட்டு ஏதும் குடுத்துவிட்டிருக்காகளா தம்பி?"

"இல்லம்மா."

பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, மாராப்பை ஒதுக்கி இடது கையை என் பக்கம் நீட்டினார். ஏழு தழும்புகள். பிறகு வலது கை. எண்ணிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"காச்சல், அம்மை ஒண்ணும் கொண்டு வரலேன்னு சொல்லுங்க. பாத்துட்டுப் போயிருவேன்."

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. கையெழுத்துப் போட எதுவும் இல்லை.